எண்ணி வடித்த சோறு

காஞ்சிபுரத்தில் எங்களுக்கு இருந்த வேலை ஒரே ஒரு சேலை வாங்குவது. அதற்கு ஆறு நாள் ஆயிற்று. ஊர் திரும்பியதும் எல்லோரும் கோயில்களைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்ட புளிச்சக்கீரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் முகம் சுருங்கிவிடும். "இவ்வளவு தூரம் பிளேன் ஏறிப் போய்க் கீரைதான் சாப்பிட்டீங்களா?" என்றார் என் மைத்துனர். ஆமாம், அதைத்தான் சாப்பிட்டோம்.

நான் கடல் கடந்த ஊரான கிள்ளானில் ரயில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எதுவும் நேரப்படி நடக்கவேண்டும், வரிசைப்படி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பேன். என் மனைவி மல்லிகா இதையே வேறு வார்த்தைகளில் சொல்லுவாள். மகள் கவிதாவுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். மாங்காய்ப் பச்சையில் அரக்குக் கரை போட்ட முகூர்த்தச் சேலை வேண்டும், அதை அம்மாதான் பார்த்து எடுக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்த அம்மாவுக்குப் போன வருடம் வயிற்றில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கட்டி போனது, கூடவே நாக்கும் போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் பழைய சில்லறைக் காசைச் சப்புவதுபோல் இருக்கிறது என்பாள். அடுப்படி வாசம் வந்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எட்டு மாதமாக அவள் வாயிலிருந்து 'பசிக்குது' என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை. முடி திரும்ப வளர்ந்துவிட்டது, உடம்பு மட்டும் தேறவில்லை. ரவிக்கையை முதுகுப் பக்கம் மூன்று ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வாள்.

புறப்படுவதற்கு முன் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "போயிட்டு வாங்க. வந்ததும் எடை பார்ப்பேன். இதுக்கு மேல ஒரு கிலோ குறைஞ்சாலும் மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு ஏத்தணும்."

வெளியே வந்ததும் மல்லிகா ஒன்றுதான் சொன்னாள். "மூக்குல குழாயோட நான் மணவறைப் பக்கம் வரமாட்டேன். கவிதாவோட பெரியம்மாவை உட்காரச் சொல்லிடுங்க." அவள் ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்வாள். அதனால் சேலை வாங்கப் போன நான் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதை டாக்டருக்குக் காட்ட எழுதி வைக்கவேண்டும்.

முதல் நாள் பக்கத்தில் இப்படி இருக்கிறது: காலை, அரை இட்லி. மதியம், தயிர்ச்சோறு மூன்று கரண்டி. இரவு, ஒரு வாழைப்பழம், பாதி.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ். கீழேயே ஒரு சைவ ஓட்டல். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம். நான் பழக்கதோஷத்தில் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டதற்கு அந்த சர்வர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் பதினேழு பலகாரப் பெயர் சொன்னார். பதினேழுக்கும் ஒரே சாம்பார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, மெச்சவும் ஒன்றும் இல்லை. மல்லிகா இட்லியைப் பிட்டுப் பிட்டு நான்காக்கினாள், எட்டாக்கினாள், அப்புறம் தண்ணீர் குடித்தாள்.

சேலைக் கடையில் இருந்த பச்சைகள் அவ்வளவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் அவள் கெட்டி. கடைக்காரர் நாற்பது சேலை விரித்தார். "இது கிளிப்பச்சை. இது பாசி. இது எதுவுமே மாங்காய் இல்ல," என்று எழுந்துவிட்டாள். கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க கேக்குற கலர் ஒண்ணு தறியில ஓடிக்கினு இருக்குதும்மா. பிள்ளையார்பாளையத்துல. அறுக்க இன்னும் நாலு நாள் ஆவும். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்று முகவரி எழுதிக் கொடுத்தார். நெய்து முடித்துத் தறியிலிருந்து சேலையை வெட்டி எடுப்பதைத்தான் அறுப்பது என்கிறார்கள்.

மறுநாள் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம். ஓட்டுநர், "ஏறுங்க சார், எல்லாம் போற வழிதான்," என்றார். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேர், இரண்டு பால் கேன், ஒரு தையல் மெஷின். கால்மணி நேரம் கழித்து வயல் தெரிந்தது. கேட்டால் ஐயம்பேட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

"நாங்க பிள்ளையார்பாளையம்னு சொன்னோமே?"

"இவங்கள உட்டுட்டு அப்பால உங்கள உடுறேன் சார். நீங்க ரெண்டு பேருதான, அவங்க எட்டுப் பேரு," என்றார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கிள்ளானில் பஸ்ஸுக்கு எண் இருக்கும், எண்ணுக்கு ஒரு பாதை இருக்கும். இங்கே பாதையைப் பயணிகள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். மல்லிகாவைக் குலுக்கிக் குலுக்கி அழைத்துப் போனதில் எனக்கு வந்த கோபத்தை ஐயம்பேட்டை வரைக்கும் போய் அங்கிருந்து திரும்பும் வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தேன்.

நெசவாளர் பெயர் தணிகாசலம். ஐம்பது வயதிருக்கும். கூடத்தை முழுதாகத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அதில் அவரும் அவர் மனைவி வசந்தாவும் அருகருகே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோத்து நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் ஒரு பக்கம், குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுமக்கிற நாடாவை எறிய, அந்தம்மா மறுபக்கம் கரைக்கான நாடாவை எறிவார். ஒருவர் எழுந்தால் வேலை நின்றுவிடும்.

மல்லிகா குனிந்து தறியில் இருந்த பச்சையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "இதான்," என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சரியாக ஒரு மணிக்குத் தறிச்சத்தம் நின்றது. இந்த வீட்டில் மட்டும் அல்ல, தெரு முழுவதும் நின்றது. தணிகாசலம் கை கழுவிக்கொண்டே, "இன்னா சார், சாப்டணுமே நீங்க? பக்கத்து வூடுதான், சரோஜாம்மா வூடு. நாங்களும் அங்கதான்," என்றார்.

பக்கத்து வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பின்கட்டில் நீளமாக ஒரு கூடம், பாய் விரித்து இரண்டு வரிசை இலை. அங்கிருந்து வந்த வாசனையை எப்படிச் சொல்வது? வரமிளகாயும் பூண்டும் எண்ணெயில் பொரிந்த வாசம், அதற்கு மேல் பல் கூசுகிற மாதிரி ஒரு புளிப்பு. எனக்கு வாய் ஊறிவிட்டது. வாசலில் நின்ற அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு வழி மறித்தார்.

"குச்சி போட்டீங்களா?"

"என்ன குச்சி?"

நிலைப்படிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அலுமினியக் குண்டானைக் காட்டினார். அதில் நூல் தீர்ந்த தார்க்குச்சிகள் கிடந்தன, ஊடைநூல் சுற்றி நாடாவுக்குள் வைக்கிற குச்சிகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கலர் நூல் முடிச்சு. வசந்தா எனக்கு விளக்கினார். இந்தத் தெருவில் பெண்களும் தறியில் உட்கார்ந்துவிடுவதால் மத்தியானம் அடுப்பு மூட்ட யாருக்கும் கை ஒழிவதில்லை. காலை எட்டு மணிக்குள் ஆளுக்கு ஒரு குச்சி என்று குண்டானில் போட்டுவிட வேண்டும். எட்டு மணிக்குச் சரோஜாம்மா குச்சியை எண்ணுவார், அத்தனை ஆளுக்கு அரிசி அளப்பார். சாப்பிட்டுப் போகும்போது அவரவர் நூல் நிறம் பார்த்துக் குச்சியை எடுத்துக்கொண்டு போகலாம்.

"எங்களுக்குத் தெரியாதும்மா. வெளியூர். என்ன காசோ கொடுத்துடறேன்," என்றேன்.

"காசு யாரு கேட்டாங்க? எண்ணி வடிச்ச சோறு சார். உங்களுக்குப் போட்டா யாரோ ஒருத்தர எழுப்பி உடணும். யார எழுப்ப, நீங்களே சொல்லுங்க," என்று உட்கார்ந்திருந்த வரிசையைக் காட்டினார். பதினெட்டுப் பேர் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

முப்பது வருடம் கூண்டுக்குள் இருந்து 'டிக்கெட் தீர்ந்துவிட்டது' என்று ஆயிரம் பேரிடம் சொன்னவன் நான். அந்த வார்த்தை இந்தப் பக்கத்திலிருந்து கேட்க எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

மல்லிகா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள். வாசம் பிடிக்காமல் மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்து ஓடினேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, "அது என்ன கீரை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புளிச்சக்கீரைம்மா. தெலுங்குக்காரங்க கோங்கூரான்னுவாங்க," என்றார் சரோஜாம்மா.

எட்டு மாதத்தில் ஒரு சாப்பாட்டுப் பொருளைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் உடனே தணிகாசலத்திடம் போய் இரண்டு தார்க்குச்சி வாங்கினேன். அவர் தறியில் ஓடிய அதே மாங்காய்ப் பச்சை நூலை இரண்டிலும் முடிந்து கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கெல்லாம் குண்டானில் இரண்டு குச்சி போட்டுவிட்டேன். இம்முறை தனி ஆட்டோ. 'வழி' என்ற பேச்சை எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லித்தான் ஏறினேன்.

ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புழுங்கலரிசிச் சோறு, குழையாமல் கல்லாகவும் இல்லாமல். கீரைக் கடைசல். மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் அதில் பாதி கரைந்திருந்தது. மிளகு ரசம், மோர். அவ்வளவுதான். அப்பளம் கூட கிடையாது. நான் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு போடும் கடைகளில் பத்து வகைக் கூட்டுப் பொரியலோடு சாப்பிட்டு வளர்ந்தவன். அந்தப் பத்தையும் இந்தக் கடைசலுக்கு முன்னால் வைத்தால் எழுந்து நின்று வழி விடும். பக்கத்து இலைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அங்கே யாருமே பேசவில்லை.

ஓரக்கண்ணால் மல்லிகாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் நுனியில் கீரையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். புளிப்பில் முகம் கோணியது. பிறகு சோற்றில் பிசைந்து ஒரு கவளம், இன்னொரு கவளம், இன்னொன்று. நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு கவளம். அதோடு கை நின்றுவிட்டது. முக்கால் சோறு இலையில் அப்படியே இருந்தது.

சரோஜாம்மா இலையைப் பார்த்தார், மல்லிகாவின் முதுகில் இருந்த ஊக்குகளைப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், அவங்க உடம்பு முடியாதவங்கன்னு ஒரு வார்த்த சொல்றதில்லையா? சோத்த வீணாக்கிட்டோமேன்னு அந்தம்மா மூஞ்சி எப்டி ஆயிடுச்சி பாருங்க. அரைக் குச்சி போடலாம் இல்ல? சின்னப் பிள்ளைங்களுக்கு ஒடச்சிப் போடுவாங்க. நான் அரை ஆளுக்கு அளப்பேன்."

சரி என்று தலையாட்டினேன். நோட்டில் 'ஆறு கவளம்' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். மாலை தொலைபேசிக் கடையிலிருந்து கவிதாவைக் கூப்பிட்டோம். சேலை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவே இல்லை. "அம்மா சாப்ட்டாங்களாப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள். ஆறு கவளம் என்றேன். "ஆறா?" என்று இரண்டு தடவை திரும்பக் கேட்டாள். கட்டணம் காட்டும் பெட்டியில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் ஏழரைக்குப் போனால் குண்டானையே காணோம். தெருவில் ஒரு தறிச்சத்தம் இல்லை. தணிகாசலம் புதுவேட்டி கட்டிக்கொண்டு எதிரில் வந்தார்.

"இன்னைக்கி அமாவாசை சார். தறிக்கி லீவு. எல்லார் வூட்லயும் படையல், அவங்கவங்க வூட்லதான் சாப்பாடு. சரோஜாம்மா அடுப்பு இன்னைக்கி வெளியாளுக்கு இல்ல."

"அப்ப சேலை?"

"ஒரு நாள் தள்ளித்தான் அறுப்போம். கடைக்காரரு சொல்லலையா?"

எங்கள் ஊரில் விடுமுறையை அரசாங்கம் கொடுக்கும். இங்கே நிலா கொடுக்கிறது. இதற்குமேல் யாரிடம் போய்ப் புகார் செய்வது? எனக்குச் சேலையைப் பற்றிக் கவலையில்லை. நேற்றுத்தான் ஆறு கவளம் உள்ளே போனது, இன்றைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

நாளைக் கடத்தவேண்டும் என்பதற்காகத் திருமுக்கூடல் பஸ்ஸில் ஏறினோம். மூன்று ஆறு கூடும் இடம் என்றார்கள். நாங்கள் போன சமயம் மூன்றும் மணலாக இருந்தன. கோயில் சுவர் முழுக்கச் சோழர் காலத்துக் கல்வெட்டு. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. அங்கே இருந்த பட்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "இங்க அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி இருந்துதுங்க. வைத்தியர், மருந்து, படுக்கை எல்லாம் எழுதியிருக்குது. நோயாளி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கி எவ்ளோ அரிசின்னு கூட வெட்டியிருக்காங்க," என்று சுவரில் ஒரு வரியைத் தடவிக் காட்டினார்.

மல்லிகா அந்த வரியில் விரல் வைத்துப் பார்த்தாள். "பாத்தீங்களா, இங்கயும் எண்ணித்தான் வடிச்சிருக்காங்க," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததற்காக அந்தச் சோழராஜா யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்றைய பக்கம் மோசம்தான். காலை, காப்பி. மதியம், பிஸ்கட் மூன்று. மாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி, இரண்டு விள்ளல். படுக்கும் முன், "நாளைக்கு அந்தம்மா வீட்டுல உண்டுதானே?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "மறக்காமக் குச்சி போட்டுடுங்க," என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் நான் செய்ததை இப்போதும் நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பிஸ்கட் மூன்று, இட்லி இரண்டு விள்ளல் என்று நோட்டில் படித்தேன். போன தடவை இலையில் மீந்த சோற்றைப் பார்த்து அவள் கூனிக் குறுகியதை நினைத்தேன். தணிகாசலத்திடம் கேட்டு ஒரு குச்சியை இரண்டாக உடைத்தேன். முழுசு ஒன்று, அரை ஒன்று குண்டானில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றும் கீரைதான். மல்லிகா கேட்டாள் என்று வைத்தார்களா, இல்லை அன்றைய முறையா, தெரியாது. அவள் இலையில் சோறு கொஞ்சமாக விழுந்தபோது அவள் கவனிக்கவில்லை. பிசைந்தாள், சாப்பிட்டாள். கவளத்தை எண்ணுவதை நான் எட்டோடு நிறுத்திவிட்டேன், பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். இலை காலியாயிற்று. குழம்பை வழித்தாள். பிறகு நிமிர்ந்து, வரிசையின் முனையில் நின்ற சரோஜாம்மாவைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு."

சரோஜாம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். சோற்றுத் தவலையைச் சாய்த்துக் காட்டினார், அடியில் பருக்கை இல்லை.

"கீரை கேளும்மா, குழம்பு கேளு, குண்டான் நெறைய தரேன். சோறு தீந்துடுச்சி. உங்களுக்கு அரைக் குச்சிதான் கெடந்துது."

"யார் போட்டது அரைக் குச்சி?"

சரோஜாம்மாவின் பார்வை என் பக்கம் வந்தது. இரண்டு வரிசையும் திரும்பி என்னைப் பார்த்தன. நான் என் இலையைப் பார்த்தேன். அதிலும் ஒரு பருக்கை இல்லை. வழித்துச் சாப்பிட்டிருந்தேன்.

"என்னை அரை ஆளாக்கிட்டீங்களா?" என்றாள் மல்லிகா.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் எட்டு மாதமாக நான் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டேனோ, அதையெல்லாம் சேர்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. அவளுக்குத் தட்டு வைக்கும்போதே மீதியை நான் சாப்பிடுவேன் என்று கணக்குப் போட்டு வைத்தவன் நான். நோட்டில் எழுதியதெல்லாம் அரை, கால், விள்ளல். அவள் கேட்பாள் என்று நான் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை.

வசந்தாதான் அந்த நேரத்தைக் கடத்திவிட்டார். "ஆம்பளைங்க அப்டித்தாம்மா. எங்க வூட்டுக்காரருக்கும் எனக்கு எத்தினி இட்லி வேணும்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது," என்றார். தணிகாசலம் இருமினார். மல்லிகா வெறும் கீரையை இரண்டு முறை வாங்கி விரலால் வழித்துச் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னோடு பேசவில்லை. இரவு நோட்டை எடுத்தேன், எழுத வெட்கமாக இருந்தது, மூடி வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள், கிளம்பும் நாள். காலை கண் விழித்தபோது மல்லிகா படுக்கையில் இல்லை, குளியலறையில் இல்லை. கீழே ஓடினேன். லாட்ஜ் வாட்ச்மேன், "அம்மா ஆறு மணிக்கே ஆட்டோ புடிச்சிப் போய்ட்டாங்களே," என்றார். வெளியூரில் தனியாக ஒரு தெரு கூட நடக்காதவள். கோபித்துக்கொண்டு போய்விட்டாளா, எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்று என்னென்னவோ தோன்றிற்று. சட்டைப் பையில் முந்தின நாளே வாங்கி வைத்த இரண்டு முழுக் குச்சிகள் இருந்தன. வேறு எங்கே போவது என்று தெரியாமல் பிள்ளையார்பாளையத்துக்கே போனேன்.

சரோஜாம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "மல்லிகா..." என்றதும் கையை நீட்டிப் பக்கத்து வீட்டைக் காட்டினார். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். தறிக்குப் பக்கத்தில் வசந்தாவோடு தரையில் உட்கார்ந்து, அறுக்கப்போகும் சேலையின் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன உயிர் வந்தது. பையிலிருந்து இரண்டு குச்சியையும் எடுத்துக் குண்டானில் போடக் குனிந்தேன்.

"போடாதீங்க. அம்மா அப்பவே வந்து போட்டுட்டாங்க. வசந்தா கைல வாங்கி, அவங்களே முடிச்சிப் போட்டு."

குண்டானுக்குள் பார்த்தேன். மாங்காய்ப் பச்சை முடிச்சோடு மூன்று குச்சிகள், மூன்றும் முழுசு.

"மூணு எதுக்கு?"

"உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. இன்னொண்ணு பொட்டலம் கட்டணுமாம். ஏரோப்ளேன்ல அவ்ளோ தூரம் போவணும், வழியில பசிக்கும்னாங்க."

"பசிக்கும்னா சொன்னா?"

"ஆமா. பின்ன இன்னா நான் பொய்யா சொல்றேன்?" என்று சரோஜாம்மா முறத்தைத் தட்டினார்.

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சரோஜாம்மா அதைப் பார்க்காததுபோல் கீரையை ஆய்ந்தார். அந்த வார்த்தைக்காக எட்டு மாதம் காத்திருந்தவன் நான். அவள் அதை என்னிடம் சொல்லாமல் அரிசி அளக்கிறவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

மதியம் சாப்பிட்டோம், சேலையை வாங்கிக்கொண்டோம், சென்னைக்குக் கார் பிடித்தோம். விமான நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. பிளேன் இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள். நான் அந்தப் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இலை விரிக்கும் சத்தம் கேட்டது. அதோடு வாசனை. எதிர் வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு குழந்தை மூக்கைப் பிடித்தது. மல்லிகா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கீரைச்சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டாள். நடுவில் ஒருதடவை கூடத் தலை தூக்கவில்லை.

கடைசிக் கவளம் முடிந்து, இலையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அங்கே இருப்பது ஞாபகம் வந்தவள்போல் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயையோ, உங்களுக்கு ஒரு வாய் வேணுமான்னு கேக்கவே இல்லையே. பசிக்குதா?"

எனக்கு நல்ல பசி. இல்லை என்று சொன்னேன்.